வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்த குளோரின்? கிருமி செத்த பிறகு தண்ணீரில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு. பின்புறம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் திறந்தவெளிக் குளம். ஆழம் 1 மீட்டரில் தொடங்கி 1.5 வரை போகிறது. போர் தண்ணீரில்தான் நிரப்பியிருக்கிறீர்கள், கடினத்தன்மை 500 பிபிஎம் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) பக்கம். குளம் கட்டிக்கொடுத்தவர் 200 கிராம் மாத்திரைகள் கொண்ட 5 கிலோ டப்பா ஒன்றைத் தந்திருக்கிறார், நீங்கள் அதை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் வாட்ச்மேன் ப்ளீச்சிங் பவுடர் போட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் சுண்ணாம்புப் பால் போல வெளுத்துக் கிடக்கிறது. சின்னப் பையனுக்குக் கண் சிவக்கிறது. மைத்துனர், உப்பு முறைக்கு மாறினால் குளோரினே வேண்டாம் என்கிறார். கடைக்காரர் லிக்விட் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் குளத்துக்கு என் பதில் இதுதான். அன்றாடத்துக்குப் புதிதாக வந்த லிக்விட் குளோரின். அதோடு அளவாக ஒரே ஒரு முறை ஸ்டெபிலைசர், அதாவது வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம். மாத்திரை, அந்த ஸ்டெபிலைசரை ஏற்றும் முதல் சில வாரத்துக்கும், பிறகு ஊருக்குப் போகும் நாட்களுக்கும் மட்டும். ப்ளீச்சிங் பவுடரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதே கேள்வியை கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் விடும் ஒரு வீட்டுக்காரர் கேட்டால் வேறு பதில் சொல்வேன். ஏன் என்பதுதான் முக்கியம். அது புரிந்துவிட்டால் எந்தக் கடைக்காரர் எதை நீட்டினாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

எல்லாவற்றிலும் இருப்பது ஒரே குளோரின்தான். மாத்திரையோ, பொடியோ, கேனில் வரும் திரவமோ, உப்பிலிருந்து மெஷின் தயாரிப்பதோ, எதுவானாலும் தண்ணீரில் விழுந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறித்தான் கிருமியைக் கொல்கிறது. அந்த வேலையில் ஒன்றுக்கொன்று உசத்தி தாழ்த்தி கிடையாது. வித்தியாசமெல்லாம் குளோரினோடு ஒட்டிக்கொண்டு வருகிற பொருளில்தான். குளோரின் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். கூட வந்தது போகாது. ஒன்று சுண்ணாம்பை விட்டுப்போகும், ஒன்று சயனூரிக் அமிலத்தை, இன்னொன்று சாப்பாட்டு உப்பை. வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது இவை எதுவும் ஆவியாவதில்லை. நீங்கள் தண்ணீரை மட்டும் மேலே விட்டுக்கொண்டே இருப்பீர்கள், இவை சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: என் தண்ணீரில் ஏற்கெனவே எது அதிகம்? அதை இன்னும் ஏற்றாத குளோரின் எது?

உங்கள் குளத்தின் கணக்கைப் போட்டுவிடலாம். சராசரி ஆழம் 1.25 மீட்டர். 8 பெருக்கல் 4 பெருக்கல் 1.25 என்றால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். 1 பிபிஎம் என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம். 40,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 40 கிராம் குளோரின் வேண்டும். நம் ஊர் வெயிலில், குழந்தைகள் குளிக்கும் வீட்டுக் குளத்தில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 பிபிஎம் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 2.5 என்றால் நாளொன்றுக்கு 100 கிராம். இந்த 100 கிராமைக் கொண்டுவர 10 சதவீத லிக்விட் என்றால் 1 லிட்டர் தேவை. 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 154 கிராம். உங்கள் டப்பாவில் இருக்கும் 90 சதவீத ட்ரைகுளோர் மாத்திரை என்றால் 111 கிராம். 33 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் 300 கிராமுக்கு மேல், அதில் பெரும்பகுதி குளோரினே அல்ல. விலையை ஒப்பிடும்போதும் கிலோ விலையைப் பார்க்காதீர்கள். இந்த 100 கிராமுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

முதலில் ப்ளீச்சிங் பவுடர், ஏனென்றால் இப்போது குளத்தில் கிடப்பது அதுதான். வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் காலங்காலமாக அதைத்தான் போடுகிறார்கள், அவர் கண்ணில் பட்ட குளோரின் அது. நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்திச் செய்வதுதான் ப்ளீச்சிங் பவுடர். தொட்டியில் போடும்போது வாளியில் கரைத்து, அடியில் தங்கும் சக்கையை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுவார்கள். தொட்டித் தண்ணீரும் தினம் காலியாகிப் புதிதாக நிரம்பும். குளத்துத் தண்ணீர் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. ஏற்கெனவே 500 பிபிஎம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் மேலும் சுண்ணாம்பு விழுந்து, பிஎச்சும் (அமில, காரத் தன்மையின் அளவு) மேலே போனால், கரைந்திருந்த கால்சியம் வெளியே வந்து தண்ணீர் வெளுக்கும். உங்கள் வீட்டில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். கை விரலால் டைல்ஸ் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், நறநறவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்த மூட்டையில் குளோரினும் சீக்கிரம் குறைந்துவிடும். கடைசியில் சுண்ணாம்பை மட்டும்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கால்சியம் ஹைப்போகுளோரைட் இதன் சுத்தமான வடிவம், 65 முதல் 70 சதவீதம். நல்ல பொருள், கெட்டியாக இருப்பதால் வைத்திருக்கவும் வசதி. ஆனால் 10 பிபிஎம் குளோரின் ஏற்றினால் கூடவே கடினத்தன்மை 7 பிபிஎம் ஏறும். தினம் 2.5 என்றால் மாதத்துக்கு 50க்கு மேல். மென்மையான தண்ணீர் வரும் ஊரில் இது பாதகமில்லை, சொல்லப்போனால் நல்லதுகூட. மிக மென்மையான தண்ணீர் டைல்ஸுக்கு இடையே உள்ள சிமெண்டை அரிக்கும், கொஞ்சம் கால்சியம் சேர்ந்தால் அது அடங்கும். சிறுவாணி வீட்டுக்காரருக்கும் கொடைக்கானல், குன்னூர் பக்கம் கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது மாத்திரை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகக் குளங்கள் கெட்டுப்போவது இதனால்தான். கெட்டுப்போவதும் வெளியே தெரியாமல் நடக்கும்.

ட்ரைகுளோர் என்பது குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த சேர்மம். சயனூரிக் அமிலத்தைத்தான் ஸ்டெபிலைசர் என்கிறோம். வெயிலின் புற ஊதாக் கதிர் ஃப்ரீ குளோரினை, அதாவது அழுக்கோடு பிணையாமல் மிச்சமிருக்கும் குளோரினை, உடைத்துவிடும். ஸ்டெபிலைசர் இல்லாத திறந்தவெளிக் குளத்தில் காலையில் போட்ட குளோரின் மத்தியானத்துக்குள் ஏறக்குறைய காணாமல் போகும். சயனூரிக் அமிலம் குளோரினைத் தன் கைக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைக்குத் தேவை விடுவிக்கும். 30, 40 பிபிஎம் அளவில் இது பெரிய உபகாரம். சிக்கல் என்னவென்றால், அது அதிகமாக அதிகமாகப் பிடி இறுகும். டெஸ்ட் கிட்டில் குளோரின் இருப்பதாகக் காட்டும், ஆனால் கிருமியையும் பாசியையும் கொல்ல அதில் போதுமான அளவு வெளியே வராது. குளம் பராமரிப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: சயனூரிக் அமிலம் எவ்வளவோ அதில் 7.5 சதவீதமாவது ஃப்ரீ குளோரின் இருக்க வேண்டும். 40 என்றால் 3 பிபிஎம் போதும். 100 என்றால் 7.5 வேண்டும்.

ட்ரைகுளோரால் 10 பிபிஎம் குளோரின் ஏற்றினால் சயனூரிக் அமிலம் 6 பிபிஎம் ஏறும். தினம் 2.5 பிபிஎம் குளோரினுக்கு 1.5. மாதத்துக்கு 45. மூன்று மாதத்தில் 135. டப்பாவில் இதை யாரும் எழுதுவதில்லை. உடனே கரையும் டைகுளோர் பொடி என்று ஒன்று விற்கிறார்கள், அதில் நிலைமை இன்னும் மோசம், 10க்கு 9 ஏறும்.

2019 கோடையில் நீலாங்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 60,000 லிட்டர் குளம், இரண்டு வருடமாக மாத்திரை மட்டுமே. தண்ணீர் பச்சை. மாத்திரை போதவில்லை என்று நினைத்து வாரத்துக்கு வாரம் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். டெஸ்ட் கிட்டில் தண்ணீர் மஞ்சக்கிழங்கு போல அடர்ந்த மஞ்சள் காட்டியது. வீட்டுக்கார அம்மா அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “குளோரின் இவ்வளவு இருக்கே, பாசி எப்படிங்க வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சயனூரிக் அமிலத்துக்கான குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். குளத்துத் தண்ணீரில் மருந்து கலந்தால் பால் போலக் கலங்கும். மேலிருந்து பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், புள்ளி மறையும் இடத்தில் அளவு எழுதியிருக்கும். அன்றைக்கு ஊற்ற ஆரம்பித்த உடனே புள்ளி மறைந்துவிட்டது. குளத்துத் தண்ணீரோடு அதே அளவு கேன் தண்ணீரைக் கலந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் 100க்கு மேல் காட்டியது. அப்படியென்றால் உண்மையான அளவு 200ஐத் தாண்டியிருந்தது.

சயனூரிக் அமிலத்தை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் நம்பகமான வழி ஒன்றே ஒன்று, தண்ணீரை மாற்றுவது. 200ஐ 40க்குக் கொண்டுவர ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரை வெளியே விட வேண்டும். 48,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் நான்கு நடை. அப்போது பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன, தெருவில் குடத்தோடு வரிசை நின்றது. அந்த நேரத்தில் குளத்துக்கு டேங்கர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களுக்கும் மனசு வரவில்லை. குளோரின் முழுக்கத் தணியட்டும் என்று காத்திருந்து, தண்ணீரைத் தென்னைக்கும் தோட்டத்துக்கும் விட்டுவிட்டுக் குளத்தை மூடிவைத்தோம். வடகிழக்குப் பருவமழையில் மொட்டைமாடித் தண்ணீரைத் திருப்பி விட்டுத்தான் நிரப்பினார்கள். அன்றிலிருந்து மாத்திரையை நிரந்தர வழியாக யாருக்கும் நான் சொல்வதில்லை. தவறான குளோரினுக்கு நாம் கொடுக்கும் விலை தண்ணீர்தான், இந்த ஊரில் அது சின்ன விலை இல்லை.

மாத்திரைக்கு இன்னொரு குணம் உண்டு. அது அமிலத்தன்மை மிகுந்தது. பம்ப் நின்றிருக்கும்போது ஸ்கிம்மருக்குள் (குளத்து ஓரத்தில் மேல்தண்ணீரை உள்ளே இழுக்கும் வாய்) மாத்திரை கிடந்தால், அங்கே தேங்கும் அமிலத் தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்கியதும் நேராகக் குழாய்க்குள் போகும், உலோக பாகங்களை அரிக்கும். போட்டால் மிதக்கும் டப்பாவில் போடுங்கள். அந்த டப்பாவும் படிக்கட்டு மூலையில் ஒதுங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நின்ற இடம் வெளுத்துவிடும்.

உங்கள் மைத்துனர் சொல்லும் உப்பு முறை நல்ல முறைதான். ஆனால் குளோரின் இல்லாத முறை அல்ல. லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு கரைத்து, அந்தத் தண்ணீரை மின்தகடுகளுக்கு நடுவே ஓடவிட்டால் குளோரின் உருவாகும். உங்கள் குளத்துக்கு முதல் தடவை 120 முதல் 160 கிலோ உப்பு வேண்டும். தினம் கேன் தூக்கும் வேலை மிச்சம், தண்ணீரும் உடம்புக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் தகடுகளுக்குப் பக்கத்தில் பிஎச் ஏறும், உங்கள் தண்ணீரின் கால்சியம் முதலில் போய் ஒட்டுவது அங்கேதான். அடிக்கடி அமிலத்தில் கழுவினால் தகடு சீக்கிரம் தேயும். ஓரத்துக் கல்லையும் ஸ்டீல் ஏணியையும் உப்பு தின்னும். ஒரு மழைக்காலத்தில் குளத்தை மழைநீரால் நிரப்பிக் கடினத்தன்மையைக் குறைத்த பிறகு யோசியுங்கள், இப்போது வேண்டாம். ஓசோன், யூவி விளக்கு என்று யாராவது விற்க வந்தால், இரண்டும் தங்கள் வழியாகப் போகும் தண்ணீரை மட்டுமே சுத்தம் செய்யும், குளத்தில் காவலுக்கு நிற்பது குளோரின்தான் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இனி லிக்விட். சோடியம் ஹைப்போகுளோரைட், கடைகளில் 10 முதல் 12 சதவீதம் என்று கேனில் வரும். இது விட்டுப்போவது சாப்பாட்டு உப்பை மட்டும். 10 பிபிஎம் குளோரினுக்கு 16, 17 பிபிஎம் உப்பு. வருடம் முழுக்கச் சேர்ந்தாலும் உப்புக் குளத்தில் வேண்டுமென்றே கரைக்கும் அளவில் ஏறக்குறைய பாதிக்குள்தான் வரும், பேக்வாஷிலும் (தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவுவது) மழையிலும் கொஞ்சம் கழியும். கால்சியமும் ஏறாது, சயனூரிக் அமிலமும் ஏறாது. ஊற்றினால் பிஎச் ஏறிவிடும் என்று பயப்படுவார்கள். ஊற்றிய உடனே ஏறுவது உண்மை. குளோரின் வேலை செய்து தீரத் தீர அந்த ஏற்றம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

லிக்விடின் உண்மையான குறை அதன் ஆயுள். சூடும் செறிவும் கூடக்கூட அது வேகமாகச் செத்துப்போகும். மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் வைத்த கேன் சில வாரங்களில் பாதி பலம் இழந்திருக்கும், நீங்கள் அதே 1 லிட்டரை ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். எனவே இரண்டு வாரத்துக்கு மேல் தேவையானதை வாங்காதீர்கள், நிழலில் வையுங்கள், அதிகம் விற்கும் கடையில் வாங்குங்கள். வந்த கேன் உண்மையிலேயே 10 சதவீதமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சுத்தமான பக்கெட்டில் 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். இன்சுலின் ஊசி போடும் 1 மில்லி சிரிஞ்சில், ஊசியைக் கழற்றிவிட்டு, 0.4 மில்லி லிக்விடை எடுத்து அதில் கலக்குங்கள். 10 சதவீதம் சரியாக இருந்தால் டெஸ்ட் கிட் 4 பிபிஎம் பக்கம் காட்ட வேண்டும். 2 காட்டினால் உங்களுக்கு வந்தது 5 சதவீதம். லேப் துல்லியம் இதில் வராது, ஆனால் ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்க இது போதும். நான் ஒவ்வொரு புது கேனுக்கும் இதைச் செய்கிறேன். வாசனை சேர்த்த வீட்டுத் துப்புரவு ப்ளீச்சைக் குளத்தில் ஊற்ற வேண்டாம், அதில் சோப்பும் இருக்கும்.

ஊற்றும் நேரம் சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, குழந்தைகள் வெளியே வந்த பிறகு. பம்ப் ஓடிக்கொண்டிருக்கட்டும். தண்ணீர் உள்ளே வரும் துளைக்கு முன்னால் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இரவு முழுக்க வெயில் தொந்தரவு இல்லாமல் வேலை செய்யும். காலையில் சோதித்துப் பாருங்கள்.

சோதிக்கும் கிட் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ கிட். அது மொத்தக் குளோரினைக் காட்டுமே தவிர, அதில் எவ்வளவு உயிருள்ள ஃப்ரீ குளோரின் என்று பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள். கிட்டோடு வரும் முதல் சோதனை மாத்திரையில் ஃப்ரீ, அடுத்ததில் மொத்தம், இரண்டின் வித்தியாசம்தான் வியர்வையோடும் சிறுநீரோடும் பிணைந்துபோன குளோரின். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி நிறம் வெளுத்து, இல்லவே இல்லை என்பது போலக் காட்டும். சந்தேகம் வந்தால் ஆர்ஓ தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

பையன் கண் சிவப்பதற்கு வருகிறேன். குளோரின் அதிகம் என்று நினைத்து அளவைக் குறைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் காரணம் நேர் எதிராக இருக்கும். கண்ணைக் கரிப்பதும் மூக்கைத் துளைக்கும் அந்த ‘குளோரின் வாசனை’யும் குளோரமைன்கள் என்னும் பிணைந்த குளோரினால் வருபவை. குளோரின் போதாதபோதுதான் அவை தங்கும். டிபிடி கிட்டில் மொத்தத்துக்கும் ஃப்ரீக்கும் உள்ள வித்தியாசம் 0.4 பிபிஎம்மைத் தாண்டினால், அதைப் போல 10 மடங்கு குளோரினை ஒரே சாயங்காலத்தில் ஊற்றி அவற்றை உடைத்துவிட வேண்டும். ஃப்ரீ குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. பிஎச் தாறுமாறாக இருந்தாலும் கண் எரியும். நம் வீடுகளில் இன்னொரு காரணம் உண்டு: தலைக்கு எண்ணெய். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே குளத்தில் குதித்தால், அந்த எண்ணெயைச் சமாளிக்கவே குளோரின் தீர்ந்துவிடும். குளத்துக்கு முன் சோப்புக் குளியல், சின்னப் பிள்ளைகளை ஒரு முறை டாய்லெட்டுக்கு அனுப்புவது, இந்த இரண்டையும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச் சரியில்லாமல் எந்தக் குளோரினும் சரிப்படாது. ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில், பிஎச் 7.5 இருக்கும்போது குளோரினில் பாதிதான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8.2க்குப் போனால் ஆறில் ஒரு பங்கு. ப்ளீச்சிங் பவுடர் விழுந்த உங்கள் குளம் இப்போது அந்தப் பக்கம்தான் இருக்கும். 7.2க்கும் 7.6க்கும் நடுவே வையுங்கள். இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஒரு தடவைக்கு 250 மில்லி, ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து ஊற்றி, இரண்டு மணி நேரம் பம்பை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டாதீர்கள். பிஎச் இறங்கி, ஃபில்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓடி, இடையிடையே பேக்வாஷும் செய்தால் அந்த வெண்மை விலகும்.

எவ்வளவு குளோரின் போதும்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைந்தது 1 பிபிஎம், ஸ்டெபிலைசர் இருந்தால் குறைந்தது 2 என்று சொல்கிறது. உங்களுக்கு 3 பிபிஎம் என்று நான் வைப்பேன். அவர்கள் கணக்கில், ஸ்டெபிலைசர் கலக்காத தண்ணீரில் 1 பிபிஎம் குளோரின் ஈ.கோலி பாக்டீரியாவை ஒரு நிமிடத்துக்குள் கொல்லும். ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு 16 நிமிடம், ஜியார்டியா ஒட்டுண்ணிக்கு 45 நிமிடம். வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குப் பத்து நாளுக்கு மேல். அதனால்தான் வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையை எந்தக் குளோரினை நம்பியும் குளத்தில் விடக் கூடாது. 2024இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலில் குழந்தைகள் இறந்த செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். வெதுவெதுப்பான, கவனிப்பில்லாத தண்ணீரில் வளரும் உயிரி அது. குளோரின் ஒழுங்காக இருக்கும் குளத்தில் அதற்குப் பிழைப்பில்லை. வெயிலில் சூடேறும் சின்னக் குளத்தில் ‘இன்றைக்கு ஒரு நாள் விட்டால் என்ன’ என்று இருக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்து வருவது உயிர் சம்பந்தப்பட்டது, வாட்ச்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். லிக்விட் குளோரினும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரே குவளையில் இதையும் அதையும் அளந்தாலே போதும், மூச்சு முட்டிவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் குவளை, வேறு வேறு நிறத்தில். ஆசிட் ஊற்றிய பிறகு சில மணி நேரம் தண்ணீர் சுற்றட்டும், பிறகு குளோரின். ட்ரைகுளோரும் ப்ளீச்சிங் பவுடரும், அல்லது கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றாகக் கலந்து கொஞ்சம் ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பொடி அள்ளிய கரண்டியை மாத்திரை டப்பாவுக்குள் விடக் கூடாது. எதைக் கரைத்தாலும் தண்ணீரை முதலில் எடுத்து, அதில் மருந்தைப் போடுங்கள். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, திறந்த வெளியில் திறங்கள், உள்ளே வாயு சேர்ந்திருக்கும்.

கடைசியாக, திறக்காமல் வைத்திருக்கும் அந்த 5 கிலோ டப்பா. அதைத் தூக்கிப் போட வேண்டாம், உங்களுக்கு அது சரியான நேரத்தில் கிடைத்திருக்கிறது. உங்கள் குளத்தில் இப்போது ஸ்டெபிலைசரே இல்லை. 30 பிபிஎம் ஏற்றத் தனியாக வாங்கினால் 1.2 கிலோ சயனூரிக் அமிலம் தேவை. ஒரு 200 கிராம் மாத்திரை 40,000 லிட்டரில் 4.5 பிபிஎம் குளோரினையும் 2.7 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் தரும். ஆகவே வெண்மை விலகி, பிஎச் சரியான பிறகு, முதல் மூன்று வாரத்துக்கு மிதக்கும் டப்பாவில் மாத்திரையைப் போட்டு ஓட்டுங்கள். 11 மாத்திரை முடியும்போது சயனூரிக் அமிலம் 30ஐத் தொட்டிருக்கும். அந்த மூன்று வாரமும் காலையில் குளோரின் 3க்குக் கீழே இருந்தால் சாயங்காலம் லிக்விட் ஊற்றி ஈடுகட்டுங்கள், குளத்துத் தண்ணீரில்தான், மாத்திரை டப்பாவின் மேல் அல்ல. கறுப்புப் புள்ளிச் சோதனை ஒரு முறை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, பன்னிரண்டாவது மாத்திரையை எடுக்காமல் மூடிவிடுங்கள். மீதி 14 மாத்திரை. நீங்கள் ஊருக்குப் போகும் வாரங்களில் வாட்ச்மேன் மூன்று நாளுக்கு இரண்டு என்று போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வழிந்து ஸ்டெபிலைசர் நீர்த்துப்போனால், அளந்து பார்த்துவிட்டு அதை மேலேற்றவும் இவையே உதவும். அதுவரை அந்த டப்பா காய்ந்த இடத்தில், ஆசிட் கேனும் லிக்விட் கேனும் இல்லாத வேறு அறையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.